பேசினா வளரும்

அவர் என்னோடு பேசிய வார்த்தைகளைவிட எங்கள் வீட்டுச் சுவரில் பூசிய சிமெண்டு அதிகம். பக்கத்து வீட்டுக்காரர். நான் கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில் அந்த மனிதர் ஊமையோ என்றுகூட நினைத்தேன். என் வீட்டுக்காரர்தான் சிரித்துக்கொண்டே, "ஊமையா? புகையிலைக் கிட்டங்கியில மேஸ்திரி. அங்க அம்புட்டு ஆளையும் கட்டி மேய்க்கிறவரு" என்றார். அந்தப் புகையிலைக் குடோனில் எப்படி மேய்த்தாரோ, வீட்டில் நான் பார்த்தவரைக்கும் அவருக்கு வாய் என்பது சோறு தின்னவும் வெற்றிலை போடவும்தான்.

நான் நேர்மாறு. "இவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க" என்று சொல்லித்தான் எங்கம்மா என்னைக் கட்டிக்கொடுத்தாள்.

விடிந்தும் விடியாமலும் நான் உரலில் மாவு இடிப்பேன். உரல் கிடந்தது அவர் வீட்டுச் சுவரை ஒட்டி. ஒருநாள் காலையில் அவர் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். கையில் நாலாக மடித்த சாக்கு, பழைய லாரி டயரில் அறுத்த ஒரு துண்டு. "செத்த தள்ளிக்க தங்கச்சி" என்றார். உரலைச் சாய்த்து, அடியில் டயரையும் சாக்கையும் போட்டு, நிமிர்த்திவைத்துவிட்டுப் போகத் திரும்பினார். எனக்குச் சுரீரென்றது.

"ஏண்ணே, சத்தம் பொறுக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா? நான் என்ன கடிச்சா வச்சுருவேன்?"

அவர் நின்று, யோசித்து, "பேசினா வளரும் தங்கச்சி. செஞ்சா முடிஞ்சுரும்" என்றார்.

அதுதான் அவருக்கு வேதம். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்குக் கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவாள். தெருமுனைவரை கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் உட்கார்ந்து சைக்கிள் டியூபை வெட்டிக் கதவு நிலை முழுக்க ஆணியடித்துவிட்டார். அதற்கப்புறம் மதினி எவ்வளவு ஓங்கி அறைந்தாலும் கதவு 'பொத்'தென்று பூனை குதித்த மாதிரிதான் சாத்தும். என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள். "சண்டை போடக்கூட விடமாட்டேங்குறாரு இந்த மனுசன். என்னன்னு கேட்டா என்ன? ஒரு வார்த்தை வஞ்சாத்தான் என்ன?" நான் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். பின்னால் நினைத்துப் பார்த்தால் அது சிரிக்கிற விஷயமில்லை.

இப்போது அந்தக் கார்ஷெட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வீட்டை முதலில் கட்டியவர் கார் வைத்திருந்தாராம். பெட்ரோல் வண்டி வீட்டை ஒட்டி நின்றால் வீடே பற்றிக்கொள்ளும் என்று பயந்து, தெருவைப் பார்த்த மூலையில் தனியாக ஒரு ஷெட் கட்டியிருக்கிறார். மூன்று பக்கம் செங்கல், முன்னால் இரட்டைக் கதவு, மேலே தகரம். காரும் போய், கார்க்காரரும் போய், இவர் வாங்கி வந்த பிறகு அதில் விறகும் ஓட்டைப் பானைகளும்தான் கிடந்தன. ஆனாலும் தெருவுக்கு அது கார்ஷெட்டுதான்.

அவருக்கு ஒரே தங்கை. தனம் என்று பெயர். கன்னிவாடியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வீட்டிலேயே வைத்துவிட்டான். இவள் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு தகரப்பெட்டி, ஒரு தையல் மிஷின், இரண்டையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிட்டாள். அம்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம்.

மதினி எடுத்த எடுப்பில், "இருக்கிறது ரெண்டு ரூமு, இதுல எங்க போயி ஒதுங்க?" என்றாள். அது எனக்கே கேட்டது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கார்ஷெட்டிலிருந்த விறகை அள்ளி வெளியே போட்டார். சாயங்காலத்துக்குள் தரைக்குச் சாணி மெழுகி, ஒரு கயிற்றுக்கட்டில் போட்டு, மிஷினைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

மதினியைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னாள்: "அவ எந்தங்கச்சி, உள்ளதான் இருப்பான்னு ஒரு அதட்டுப் போட்டிருந்தா நான் என்ன கழுத்தைப் பிடிச்சா தள்ளியிருப்பேன்? அவரு ஷெட்டைக் கூட்டுறதைப் பாத்ததும், சரி, அவருக்கே அதுதான் இஷ்டம்போலன்னு விட்டுட்டேன்." பாருங்கள், எவ்வளவு சுளுவாக முடிந்திருக்கிற காரியம்.

தனம் நன்றாகத் தைப்பாள். கதவு தெருவைப் பார்த்து இருந்ததால் போகிற வருகிறவர்களுக்கு மிஷின் சத்தம் கேட்டது. முதலில் நான் ஒரு ரவிக்கை கொடுத்தேன், அப்புறம் தெருவே கொடுத்தது. முகத்தில் தெளிச்சி வந்துவிட்டது அவளுக்கு. "அக்கா, யாரு கையையும் எதிர்பார்க்காம இந்த மூலையிலேயே காலத்தை ஓட்டிருவேன்க்கா" என்றாள். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஒரு மூலை, ஒரு மிஷின், நாலு பேர் மதிக்கிற மாதிரி ஒரு பிழைப்பு.

அப்புறம் வெயில் வந்தது. திண்டுக்கல் வெயிலை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பகலெல்லாம் குடித்த வெயிலை மலைக்கோட்டைப் பாறை ராத்திரி திருப்பிக் கக்கும். பங்குனி பிறந்ததுமே அந்தத் தகரம் காலையிலேயே டக்டக்கென்று முறுக்கிக்கொள்ள ஆரம்பித்துவிடும். மத்தியானம் மிஷின் சக்கரத்தில் கை வைக்க முடியாது. மிஷினுக்கு விட்ட எண்ணெய் தண்ணீராய் இளகி ஓடி, அடுத்த வீட்டுப் பெண்ணின் சீமந்த ரவிக்கையில் கறைபிடித்துவிட்டது. தனம் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் அவர் கூடப்பிறந்தவள்தானே. கறையை மட்டும் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதை அண்ணன் பார்த்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கூரைதான் அவருக்கு வேலை. தண்ணீர் தெளித்தால் சூடு குறையும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு குடம் தண்ணீருக்கு நாயாய் அலைகிற ஊரில் கூரைக்குத் தண்ணீர் விட்டால் தெரு அடிக்க வந்துவிடாதா? அதனால் முதலில் தகரத்துக்கு மேல் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தார். கொஞ்சம் தேவலை. அதற்குமேல் தென்னங்கிடுகு வேய்ந்தார். ஒரு சூறைக்காற்று வந்து கிடுகையெல்லாம் எதிர்வீட்டு ஓட்டில் கொண்டுபோய்ப் போட்டது. பொறுக்கிவந்து திரும்ப வேய்ந்து, மேலே பழைய டயர்களைத் தூக்கிப் பாரம் வைத்தார். சுவருக்கும் கூரைக்கும் நடுவே அனல்காற்று நுழைகிறது என்று அந்த இடுக்கையும் களிமண் பிசைந்து அடைத்தார். அப்படியும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

கடைசியில்தான் அந்த யோசனை வந்தது. தகரத்துக்கு அடியில் மூங்கில் தட்டியை மச்சு மாதிரி கட்டி, தட்டிக்கும் தகரத்துக்கும் நடுவில் எதையாவது அடர்த்தியாகத் திணித்துவிடுவது. வைக்கோல் வைத்தால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். தேங்காய்நார் வைத்தால் கரையான். எலியும் தொடாத, கரையானும் தொடாத ஒன்று அவர் கிட்டங்கியில் மலையாகக் கிடந்தது. புகையிலைக் காம்பு. இலையைக் கிழித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற நடுக்காம்பு. சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து திணித்தார். கையெல்லாம் மூங்கில் கீறி ரத்தம். முடித்துவிட்டு இறங்கி வந்து, உள்ளே நின்று மேலே பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உண்மையைச் சொல்லவேண்டும், ஷெட் சில்லென்று இருந்தது. மத்தியானம் வீட்டில் இருக்கமுடியாமல் நாங்கள் நாலைந்து பெண்கள் அங்கே போய் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிவிட்டு வருவோம். புகையிலை வாடை அடித்தது. ஆனால் திண்டுக்கல்லில் புகையிலை வாடையை யார் பெரிசாக எடுத்துக்கொள்வார்கள்? அது காற்றோடு வருவதுதான்.

நாங்கள் செத்த நேரம் இருந்துவிட்டு எழுந்து வருவோம். தனம் பகல் முழுக்க அங்கேதான், ராத்திரியும் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேதான். சித்திரை பாதியில் அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை. மிஷினை விட்டு எழுந்து ஓடிப்போய்ச் சாக்கடையோரம் வாந்தி எடுப்பாள். கேட்டால், "சூடுக்கா, மோர் குடிச்சாச் சரியாப் போயிரும்" என்பாள்.

மூன்றாவது வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். ரவிக்கை வாங்க வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். "புருசனை விட்டுட்டு வந்து எத்தனை மாசமாச்சு, இவளுக்கு எங்கிருந்து வருது வாந்தி?" என்று ஆரம்பித்தாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் வேண்டுமென்றே தனத்துக்குத் துணையாக நாள் முழுக்க ஷெட்டில் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொடுத்தேன். பிற்பகலில் எனக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்து நான் வாந்தி எடுத்த எடுப்பில் குடல் வாய்க்கு வந்துவிட்டது. அப்போதுதான் பொறி தட்டியது. அண்ணன் கிட்டங்கியிலிருந்து வந்ததும் சுவரோரம் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தெரு பேசுவதையும் சொன்னேன்.

அவர் முகம் செத்துப்போனது. "கிட்டங்கிக்குப் புதுசா வர்ற ஆளுக்கெல்லாம் இப்பிடித்தான் தலை சுத்தும், வாந்தி வரும். பழகிட்டாப் போயிரும்" என்றார். "எனக்கு இது தோணாமப் போச்சே."

"அண்ணே, இதையே அந்த மூணாவது வீட்டு வாசல்ல போய் நின்னு சத்தமாச் சொல்லுங்க. நீங்க புகையிலை மேஸ்திரி. நீங்க சொன்னா ஊரு நம்பும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பேசினா வளரும் தங்கச்சி. எடுத்துட்டாத் தீந்துரும்."

எடுத்தார். விடியுமுன்னே எழுந்து தட்டியைப் பிரித்து, காம்பையெல்லாம் மூட்டை கட்டி, தலையில் வைத்துக் கொண்டுபோய்க் குளத்துக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தார். கண்ட இடத்தில் கொட்டினால் மாடு தின்று செத்துப்போகுமே என்ற கவலை. மாட்டுக்குக்கூட யோசிக்கிற மனிதர். காம்பு இருந்த இடத்தில் பழைய சாக்குகளைத் திணித்தார், களிமண் அடைப்பையும் உடைத்துவிட்டார். நாலு நாளில் தனத்துக்கு வாந்தி நின்றது, ஒரு வாரத்தில் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

கேட்க வேண்டுமா? "பாத்தியா, ஆக வேண்டியதை ஆக்கிட்டாக" என்றது தெரு. "அண்ணங்காரன் இருட்டோட இருட்டா எதையோ மூட்டை கட்டிக் கொண்டுபோய்ப் புதைச்சுட்டு வந்தானாம்ல?" வாந்தி எடுத்தபோது சந்தேகமாக இருந்தது, வாந்தி நின்றதும் சாட்சியாகிவிட்டது. அடப்பாவிகளா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் நின்று, "ஏடி, நானும் அங்க உக்காந்து வாந்தி எடுத்தவதான், எனக்கு எந்த ஊர்ல சீமந்தம்?" என்று கிழி கிழியென்று கிழித்தேன். அவள் அசரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கூடப்பொறந்தவனே வாயைத் தொறக்கல. ஒனக்கு என்னத்தா வந்துச்சு?" என்றாள். எனக்கு வாயடைத்துப்போன நாள் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

கொடுத்த துணிகளைத் தைக்காமலே ஒவ்வொருத்தியாகத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். போகிறவர்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் அதையும் பார்த்தார். பார்த்து என்ன செய்தார் தெரியுமா? கதவுக்கு முன்னால் உயரமாக ஒரு தட்டி கட்டி மறைத்துவிட்டார். மறைக்க ஏதோ இருக்கிறது என்று ஊரே முடிவு கட்டியது.

மிஷின் சத்தம் நின்றுபோன பிறகு ஒருநாள் தனம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வாந்தி வந்தப்பவே சொல்லியிருக்கலாம்க்கா. கையெல்லாம் கிழிச்சுக்கிட்டு எனக்காகக் கட்டுச்சு, அது நல்லால்லைன்னு எப்படிச் சொல்ல? இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அண்ணன் ஒரே ஒரு தடவை இந்தத் தெருவுல நின்னு, 'எந்தங்கச்சி அப்பிடிப்பட்டவ இல்ல'ன்னு சொல்லட்டும். இந்தக் கார்ஷெட்டுலயே வெந்து சாகுறேன், எங்கயும் போகல."

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். ஒரு எழுத்து குறைக்கவில்லை. கேட்டுக்கொண்டார். மூன்றாவது வீட்டுப் பக்கம் ஒருதடவை திரும்பிப் பார்த்தார். சரி, நாளைக்குச் சொல்லிவிடுவார் என்று நம்பிக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் ஆணியடிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தெருவில் மாட்டுவண்டி நிற்கிறது. தனம் தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறாள். திரும்பக் கன்னிவாடிக்கே போகிறாளாம், அந்த இன்னொருத்தி இருக்கிற வீட்டுக்கே. இவர் குத்தவைத்து உட்கார்ந்து அவளுடைய தகரப்பெட்டிக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறார். போட்டு முடித்து, தூக்கிப் பார்த்து, "இனி அறாது" என்றார்.

தனம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டிக்காரன் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நான் மனசுக்குள், பேசு, பேசு, வாயைத் தொற மனுசா என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"இம்புட்டுத்தானாண்ணே?" என்றாள் அவள்.

அவர் மிஷினைத் தூக்கி வண்டியில் வைத்தார். குலுங்காமல் இருக்க அடியில் ஒரு சாக்கை மடித்து வைத்தார். வண்டி போய்விட்டது.

அதற்கப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் அவர் சீர் கொண்டுபோவார். "எப்படிண்ணே இருக்கா?" என்றால், "இருக்கா" என்பார். அவள் ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட இந்தத் தெருவுக்கு வரவில்லை. ஆனால் பங்குனி பிறந்தால் இவர் கார்ஷெட் மேல் ஏறிவிடுவார். சுண்ணாம்பு அடிப்பார், கிடுகு மாற்றுவார், டயரை அடுக்குவார். வருஷம் தவறாது. எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். ஒருதடவை பொறுக்கமாட்டாமல், "ஆளில்லாத ஷெட்டுக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் பாடு?" என்று கேட்டுவிட்டேன். மேலேயிருந்தபடியே, "வந்தா இருக்கட்டும்" என்றார்.

அறுபதுகள் முடியப்போகிற சமயம். கிட்டங்கி வேலையை விட்டுவிட்டார், பல்லெல்லாம் போய்விட்டது, ஏணி ஏறவும் முடியவில்லை. தனம் வந்தபோது டவுசர் போட்டுத் திரிந்த அவர் மகன், தன் கல்யாணத்துக்கு மாடி எடுக்கவேண்டும் என்று கார்ஷெட்டை இடிக்க ஆள் விட்டான். இவர் ஒன்றும் பேசவில்லை, வழக்கம்போல. தகரத்தைக் கழற்றினார்கள், மூங்கிலைப் பிடுங்கினார்கள். சுவரில் விட்டம் உட்கார்ந்திருந்த பொந்திலிருந்து ஒரு பிடி குச்சி பொலபொலவென்று கொட்டியது. அவர் குனிந்து எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார்.

நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. கேட்டிராத குரல். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவர்தான். உச்சிவெயிலில், செருப்பில்லாமல் நடுத்தெருவில் நிற்கிறார். கையைத் தூக்கி அந்தக் காம்பைக் காட்டுகிறார். "இந்தா பாருங்க! புகையிலைக் காம்பு! இதை நாந்தான் வச்சேன்! இதாலதான் எந்தங்கச்சி வாந்தி எடுத்தா! அவ மேல ஒரு குத்தமும் கெடையாது! அவ அப்பிடிப்பட்டவ இல்ல!"

அந்த வெயிலில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மூன்றாவது வீட்டுக்காரி செத்து நாலைந்து வருஷமாகிவிட்டது. அவள் வீட்டில் யாரோ புதுசாகக் குடி வந்திருந்தார்கள், ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். இடிக்க வந்த ஆட்கள் மட்டும் கடப்பாரையைக் கையில் பிடித்தபடி ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் அவர் கையைப் பிடித்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்குத் தெரியும்ண்ணே. வாங்கண்ணே, கால் சுடுது, நிழலுக்கு வாங்க" என்றேன்.

அவர் நகரவில்லை. கையிலிருந்த காம்பைப் பார்த்தார், அவள் வண்டி போன பக்கமாகத் தெருமுனையைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, குழந்தை கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார்:

"சொல்றதுக்கு இம்புட்டு நேரந்தானா தங்கச்சி ஆகும்?"